திருப்பிப் போட்ட வளர்ச்சி விகிதம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலைகுனிந்து எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்த பிறகும்.

போன வருடம் உங்கள் மகளுக்கு அமெரிக்காவில் ஒன்று, சீனாவில் ஒன்று என்று இரண்டு வேலை வந்தபோது நீங்கள் அமெரிக்கா என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முப்பது வருடமாகக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவனுக்கு உலகப் பொருளாதாரத்தில் என்ன வேலை? செய்தித்தாளில் வந்த இரு நாட்டு வளர்ச்சி விகிதக் கோடுகளை டிரேசிங் தாளில் நகலெடுத்து வந்து, உங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டி, ஸ்கேலால் தட்டித் தட்டி, "சீனாவைப் பாருங்க அத்தான், வருஷா வருஷம் மேல ஏறுது. அமெரிக்கா ஏறுது, இறங்குது, இருந்த இடத்துலயே நிக்குது. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?" என்றேன். நீங்கள், "நீ படம் போட்டுக் காட்டினா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் செய்த கைம்மாறுதான் இது.

நேற்று அலுவலகத்தில், உங்கள் சுவரிலிருந்து பெருமையாகக் கழற்றி வந்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த அந்தப் படத்தையும் செய்தித்தாள் துண்டையும் சேர்த்துப் பார்த்த மேலாளர், "என்னங்க, சீனா இதுல இறங்குது, உங்க படத்துல ஏறுது?" என்று கேட்டார். டிரேசிங் தாளில் ஒரு பக்கம் போட்டது மறுபக்கமும் தெரியும், அதனால் எங்கள் தொழிலில் கோட்டை ஒரு பக்கம் போடுவோம், எழுத்தை மறுபக்கம் எழுதுவோம். எழுத்தை அழித்தாலும் கோடு அழியாது. கை பழகிய தோஷம், கோட்டைப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி வருடங்களை எழுதியிருக்கிறேன். கோடு இடம் வலமாக மாறி, வருடா வருடம் குறைந்து வந்த வேகம் கூடிக்கொண்டு போவதாக ஆகிவிட்டது. அமெரிக்கா எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆபீஸே சிரித்தது. என் மானம் போனது பெரிதில்லை அத்தான், பெற்றவர் பேச்சைத் தட்டி, பாஷை தெரியாத சீனாவுக்குப் பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டேனே, அதுதான் வெட்கக்கேடு. என்னை நன்றாகத் திட்டுங்கள், அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். நேரில் சொல்ல முகமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்புக்குத் தகுதியில்லாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். "படம் திரும்பியிருக்குன்னு அன்னைக்கே தெரியும் மாமா. எனக்கு இந்த வேலைதான் பிடிச்சுது. அப்பா என் பேச்சைக் கேக்க மாட்டார், உங்க பேச்சைக் கேப்பார். அதான் வாயைத் திறக்கல" என்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாளாம். ஆகவே அழைத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இதைச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடுத்து அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும்.