கதவைச் சாத்த விடாத கட்டில்

சேசு மரி சூசை

இராயபுரம்,
1946 ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய மச்சான் யாகப்பன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் தவசிமுத்து தாழ்மையுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்கினால்தான் கடிதம் கடிதமாக இருக்கும் என்பதால் அப்படியே தொடங்குகிறேன். மண்டியில் கருப்பட்டி உருகாமல் இருக்கிறது, கூரை ஒழுகவில்லை, நானும் வேளைக்குச் சாப்பிடுகிறேன். தங்கள் தங்கை சிலுவையம்மாள் மட்டும் தூங்கவில்லை. அவ்விடத்தில் அக்காவும் பிள்ளைகளும் மாடுகன்றுகளும் நன்றாகத் தூங்கி எழ மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். நம் தேவப்பிரியம் ரங்கூனுக்குக் கடை வேலைக்கென்று கப்பல் ஏறினான், அவன் போன கொஞ்ச காலத்துக்குள் ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டான், அதற்கப்புறம் பிள்ளையிடமிருந்து ஒரு வரி இல்லை. சண்டையும் முடிந்துவிட்டது. காட்டு வழியே நடந்து வந்தவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள், கப்பலில் வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை தெருக்கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, தாழ்ப்பாளை நீக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். படுத்திருக்கிறாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் உடனே எழுந்து கொண்டையை முடிந்துகொள்கிறாள். இந்த ஊரில் கப்பல் ஊதாத நேரம் எது மச்சான்? பிறகு பகலில் அகப்பையைப் பிடித்தபடியே அடுப்பங்கரையில் கண் சொருகுகிறது. போன வாரம் புடவைத் தலைப்பில் நெருப்புப் பிடித்துவிட்டது. நான் தண்ணீர் என்று நினைத்து எடுத்து ஊற்றியது ரசம். நெருப்பு அணைந்தது, அவள் விழித்துப் பார்த்து, ரசத்துக்கு உப்புப் போதாது என்றாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்த அம்மாள் இப்படியே விழித்திருந்தால் இருதயம் தாங்காது, வீட்டைத் தூங்குவதற்குத் தகுந்த வீடாக மாற்றும், இருட்டு வேண்டும், காற்று வேண்டும், அமைதி வேண்டும், நல்ல கட்டில் மெத்தை வேண்டும் என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னார். அவர் வீடு கப்பல் சத்தம் எட்டாத கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அவர் தூங்குவார்.

நானும் விடவில்லை மச்சான். கருப்பட்டி மூட்டை அடுக்கியிருந்த உள்ளறையைக் காலி செய்து, கழுவி, சுண்ணாம்பு அடித்தேன். மூட்டை போன சங்கதி எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவை வழக்கம்போல் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கருப்பட்டியைக் காணாமல் என்னைக் கடித்தன. காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து வெள்ளைச் சுவரெல்லாம் மீசை வைத்தது, அதோடு காசிமேட்டுக் கருவாட்டு வாடையும் வந்தது. சரி, இருட்டாவது இருக்கட்டும் என்று சண்டைக் காலத்தில் ஜன்னலில் ஒட்டின கறுப்புக் காகிதத்தைத் தேடி எடுத்து மறுபடியும் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, அந்த நாளில் விளக்கை அணைக்கச் சொல்லித் தெருத்தெருவாய்ச் சுற்றிய மனுஷர் ஓடி வந்து, மறுபடியும் எவன் குண்டு போட வருகிறான் என்று கேட்டார். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்புவதற்குள், பக்கத்து வீட்டு ரோசி தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழி தேடிப் போய்விட்டாள்.

மெத்தைக்கு மஜீது பாயிடம் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் பஞ்சு அடைத்து மெத்தை தைக்கிறவர், தங்கமான மனுஷர். பிள்ளை சமாசாரம் தெரிந்தவர் ஆனதால் மனசு இளகி, சொன்னதற்கு மேல் இலவம் பஞ்சை அள்ளி அள்ளி அடைத்துவிட்டார். "நைனா, அம்மாவ ஒரு தபா இதுல படுக்கச் சொல்லு. அப்பால எழுப்புறதுதான் பேஜாரு" என்றார். எழுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. மெத்தை அவ்வளவு உருண்டையாக இருந்தது, எந்தப் பக்கம் படுத்தாலும் அடுத்த பக்கமாகத் தரைக்கு வந்துவிடுகிறோம். சோதித்துப் பார்த்து நான் விழுந்த வேகத்தில் இடுப்பில் இன்னும் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தங்கை தொட்டுப் பார்த்து, நல்லாருக்கு, என்று சொல்லிவிட்டுத் தன் பாய்க்குப் போய்விட்டாள்.

கட்டில் கதை இதற்கெல்லாம் மேல். பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை செய்யும் பக்தவச்சலம் ஆசாரி ஓய்வு நேரத்தில் செய்து தருவதாகச் சொன்னான். அளவு வேண்டும் என்றான். உங்கள் தங்கையிடம், உன் உயரத்தை ஒரு நூலில் அளந்து வை என்று சொல்லியிருந்தேன். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு நூல் சுற்றித் தொங்கியது, அளந்து வைத்திருக்கிறாள், வழிக்கு வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வந்த கட்டிலைப் பார்க்க வேண்டுமே! கைப்பிடி, சங்கிலி, பலகை வரிசை எல்லாம் அசல் ரயில் வண்டி. ஏறிப் படுத்தால் அரக்கோணத்தில் இறங்க வேண்டும் போலத் தோன்றுகிறது. போகட்டும் என்றால், நீளம் அறைக்குள் அடங்கவில்லை. கால்மாடு அறைக்கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, கதவைச் சாத்த முடியாது, போகிற வருகிறவர் முழங்காலெல்லாம் வீங்கியிருக்கிறது. என் தோளுக்குக்கூட வராத பெண்பிள்ளைக்கு இத்தனை நீளமா என்று சண்டைக்குப் போனேன். "நான் இன்னா நைனா பண்றது? நீ குட்த்த நூலுக்கு ஒரு சாண் கூட்டி செஞ்சிகீறேன். நூலு நீளமா இருந்தா அது என் தப்பா?" என்று கேட்டான். வாய்த்துடுக்கு.

ஆகவே மச்சான், என்னால் இனி முடியாது. தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து தங்கள் தங்கையைச் சில மாதம் ஊருக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தக் கட்டிலையும் வருகிற விலைக்கு விற்றுத் தொலைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அதை எழுத என் கை ஓடவில்லை, எழுதாமலும் தீராது. பிள்ளை இனி வரமாட்டான் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். தகப்பன் வாயால் அது வராது. தாய்மாமன் தாங்கள் சொல்லி, நம் ஊர்க் கோயிலில் அவன் பேரில் ஓர் ஆத்துமப் பூசை வைத்துவிட்டால், அழுது தீர்த்தாவது தூங்குவாள். அவளையும் இழந்துவிட்டால் நான் யாருக்காகக் கருப்பட்டி விற்கப் போகிறேன்?

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். மாட்டுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். தங்கள் குடும்பத்தைச் சம்மனசுகள் காவல் காக்க வேண்டுமென்று மன்றாடும்,

தங்கள் அன்பு மைத்துனன்
தவசிமுத்து.

பின்குறிப்பு: உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை கேட்கப் போனேன். உங்கள் தங்கை மாதா படத்துக்குக் கீழே சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். ஆணியில் இருந்த நூல் எங்கே என்றாள். உன் அளவு நூல்தானே, ஆசாரியிடம் கொடுத்தேன் என்றேன்.

"அது எம் அளவு இல்ல. அது அவன் அளவுல்லா" என்றாள்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் நூல் பிடித்திருக்கிறாள். சுகமாகத் திரும்பி வந்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கோயிலில் ஏற்றுவதாக நேர்ச்சை. நேர்ச்சையை வெளியே சொல்லக் கூடாதென்று எனக்கும் சொல்லவில்லை. பெரம்பூருக்கு ஓடினேன். நூலில் சுண்ணாம்பு தடவி மரத்தில் கோடு போட்டு, அது அறுந்து, இழைப்புச் சுருளோடு பெருக்கித் தள்ளியாகிவிட்டது. பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டான்.

வெறுங்கையோடு வந்தேன். அவள் கட்டிலின் தலைமாட்டிலிருந்து சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். ஆசாரி எவ்வளவு கூட்டினான் என்று கேட்டாள். ஒரு சாண் என்றேன். கால்மாட்டிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிக் கையை வைத்து, "அப்ப இதுவரைக்கும் எம் பிள்ள" என்றாள். மச்சான், நான் கூடத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. அந்த உருண்டை மெத்தையின்மேலேயே ஏறி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். கதவு சாத்த முடியாத அறையல்லவா, தலையணையிலிருந்து பார்த்தால் தெருக்கதவு நேராகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். துறைமுகத்தில் கப்பல் ஊதியது, எழுந்திருக்கவில்லை. எறும்பு கடிக்கிறது, அதற்கும் எழுந்திருக்கவில்லை.

ஆகையால் தாங்கள் வர வேண்டாம். கட்டிலை விற்கப் போவதில்லை. பூசைக்குச் சாமியாரிடம் சொல்லவும் வேண்டாம். தெருக்கதவுக்குப் பக்கத்தில் அவள் பாயில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். தாழ்ப்பாள் போடவில்லை. பிள்ளை வரும்போது வீட்டில் ஒருத்தராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா?