செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் ஒரு மாப்பிள்ளை

முன்பின் தெரியாத நூறு பேரை ஒரே மதியத்தில் ஹாஸ்டல் அறைக்குள் குடிவைத்த பெண் இந்தத் தமிழ்நாட்டில் ஒருத்திதான் இருப்பாள். அவளோடு அதே அறையில் குப்பை கொட்டியவள் நான். அவளுடைய உண்மையான பெயர் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் பயன்பட்டது. மற்ற நேரமெல்லாம் அவள் பேனர்.

திருவண்ணாமலையில் எங்கள் பல்கலைக்கழக விடுதியில் அறைக்கு இரண்டு கட்டில், இரண்டு மேசை, நான்கு சுவர். சுவரில்தான் சிக்கல். கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. வகுப்புக்குப் போகும்போது நாங்கள் மாவு மில்லில் இருந்து நேராக வருகிற மாதிரி இருப்போம். மற்ற அறைகளில் கிஃப்ட் பேப்பர் வாங்கி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் பேப்பரோடு சுவரும் கையோடு வந்துவிட்டது. ஆணி அடிக்கக் கூடாது என்பது விடுதிச் சட்டம்.

பேனருக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அவளுடைய மாமா அங்கே பந்தல் போடுகிறவர். விசேஷம் முடிந்ததும் ஃப்ளெக்ஸ் பேனர்களை அவிழ்ப்பதும் அவர் வேலைதான். வந்த முதல் வாரமே சுவரைத் தட்டிப் பார்த்தாள், போனை எடுத்தாள்.

"மாமா, கல்யாணம், காதுகுத்து, எதுவா இருந்தாலும் அவுத்துட்டு மாட்டுக் கொட்டாய்க்குக் குடுத்துடாதீங்க. எனக்கு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் சின்ன லோடு வண்டி வந்து நின்றது. உருளை உருளையாகச் சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். யாருடைய சொந்தக்காரர்கள் என்பதுதான் தெரியாது.

வேறு யாராக இருந்தாலும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கட்டியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பேனர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மூஞ்சிங்கள சுவத்துப் பக்கம் திருப்பி வெக்கிறதா? அவங்க என்னா தப்பு பண்ணாங்க?"

ஜன்னல் கம்பியில் இருந்து அலமாரிக்கு, அலமாரியில் இருந்து கட்டில் காலுக்கு என்று கயிறு கட்டி, ஒரே மதியத்தில் நான்கு சுவரையும் மூடிவிட்டாள். என் தலைமாட்டில் ஒரு காதணி விழா. மொட்டைத் தலையோடு ஒரு பையன் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான்.

"தெனமும் எந்திரிச்சா இவன் அழுவுறதத்தான் பாக்கணுமாடி?"

"அலாரம் வெச்சா நீ எந்திரிக்க மாட்டேங்கிற. இவனாவது எழுப்பட்டும்."

ஜன்னலுக்கு ஒரு நிச்சயதார்த்த பேனரை நடுவில் வெட்டித் திரைச்சீலை ஆக்கினாள். திரையை விலக்கினால் பையன் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். அதனால் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் திறக்க விடமாட்டாள். "நிச்சயம் ஆனதுங்கள பிரிக்காத. ஃபேன ஜாஸ்தியா வெச்சுக்கோ."

வந்தவர்களில் ஒரு கண்ணீர் அஞ்சலித் தாத்தாவும் இருந்தார். அவர் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சிரிச்ச மூஞ்சியா இருக்காரு, பாவம். ஓரமா இருக்கட்டும்" என்று கதவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். செமஸ்டர் தேர்வன்று மாடியில் இருந்து ஒருத்தி வந்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்; பாஸாகியும் தொலைத்தாள். அடுத்த செமஸ்டரில் எங்கள் அறை வாசலில் வரிசை நின்றது. தாத்தாவுக்குக் கனகாம்பரம் வேறு.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது வார்டன் மேடம் வந்தார். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்பது போன்ற முகம். அறையில் திருட்டுத்தனமாக மின்சாரக் கெட்டில் வைத்திருந்த ஒருத்தியின் அப்பாவை மறுநாளே வரவழைத்துவிட்டார். அன்றைக்குத்தான் பேனர் முதல்முறையாகச் சாப்பாட்டை மிச்சம் வைத்தாள்.

"எங்கப்பா பாதி மனசோடதான் படிக்க அனுப்புனாரு. ஒரு போன் போனா போதும், படிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயிடுவாரு."

"இப்பவே அவுத்துடலாமாடி?"

அவள் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். முடிச்சில் கையை வைத்தாள். அவிழ்ப்பதற்குள் மேடம் வாசலில் நின்றார்.

உள்ளே வந்தவர் அழுகிற பையனைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலிருந்த கல்யாண பேனர் முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாருன்னு தெரியுதா?" என்றார் மேடம்.

படத்தில் இருந்த மணப்பெண்ணைப் பேனர் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சிங்களா மேடம்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான்" என்றார் மேடம்.

மேடம் குனிந்து செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "எங்க வீட்டுக்காரர ஏன் செருப்பு மேல மாட்டி வெச்சிருக்க?"

"அங்கதாங்க மேடம் வெயில் படாது. மத்த எடத்துல வெச்சா கலர் போயிடும்."

மேடம் படத்துக்கு இன்னும் பக்கத்தில் போனார். கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று ஸ்டாம்பு அளவில் வரிசையாக இருந்த முகங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்கு இதப் பாக்க எனக்கு எங்க நேரம்? மண்டபத்துக்குப் பின்வாசலா கூட்டிட்டுப் போனாங்க, முன்வாசல நான் பாக்கவே இல்ல. இந்தப் புடவையில நல்லாத்தான் இருந்திருக்கேன், இல்ல?"

"இப்பவும் அப்படித்தாங்க மேடம்" என்றாள் பேனர். பயத்தில் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேடம் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். "ஆணி அடிச்சிருக்கியா?"

"கயிறுதாங்க மேடம்."

"அப்ப சரி. எங்கள மட்டும் அந்த ஜன்னல் பக்கம் மாத்து. கலர் போனா போவுது."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் எங்கள் அறைக்கு மட்டும் சோதனை நடந்தது. மேடம் வருவார், கட்டிலில் உட்காருவார், முறுக்கு சாப்பிடுவார், போவார். பேனர் புதிதாக ஒரு புதுமனை புகுவிழாவைக் கொண்டுவந்து கூரைக்குக் கீழே கட்டினாள். படுத்துக்கொண்டு பார்த்தால் மாடி வீடு தெரியும்.

ஒரு சனிக்கிழமை செங்கத்தில் இருந்து அம்மா போன் செய்தாள். ஒரு மணி நேரப் பயணம்தான்; வெள்ளிக்கிழமை சாயங்காலமே மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். நான் ஊருக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"எங்கடி இருக்க?" என்றாள் அம்மா, சந்தேகத்தோடு.

எதிர்க் கட்டிலில் பேனர் வேர்க்கடலையை உரித்து, எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி என்று இரண்டு குவியலாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லதாம்மா இருக்கேன்" என்றேன்.