குத்தூசி வெட்டாத யானை

தஞ்சாவூர் ஜில்லாவில் சந்தேகப்படுவதில் குத்தூசியை மிஞ்ச ஆள் கிடையாது. கோயிலில் விபூதி கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். தொழில் நெல் தரகு; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்து விழும் நெல்லைக் கடித்துப் பார்த்து, விற்க வந்தவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். மேலே நல்ல நெல் இருந்தால் அடியில் பதர் இருக்கும் என்பது அவருடைய கட்சி.

செஸ் போட்டிக்கு வந்தாலும் அதே கதைதான். காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பார். எதிராளி இருமினால், யாருக்குச் சைகை என்று திரும்பிப் பார்ப்பார்.

திருவிடைமருதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கடைசி ரவுண்டில் எனக்கு எதிரே குத்தூசி. என் ரேட்டிங் இரண்டாயிரத்தை ஒட்டி. அவருடையது ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியதில்லை. டிரா செய்தாலே எனக்கு மாவட்ட அணியில் இடம். தோற்றால் இல்லை. அந்த இடத்துக்காக ஏழு வருஷம் அலைந்தவன் நான்.

மதியச் சாப்பாட்டு மயக்கத்தில், என் யானையைக் கொண்டுபோய் அவருடைய குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தேன். கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

குத்தூசி யானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார். இப்படியே இருபது நிமிஷம். பிறகு குதிரையைத் தொடாமல் ஓரத்துச் சிப்பாயை நகர்த்திவிட்டு, "டிரா பண்ணிக்கலாங்களா?" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கையைக் கொடுத்துவிட்டேன்.

நடுவர் விடுவாரா? இருவரையும் மணமகள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சு ஆடுனீங்களா? சும்மா நிக்கிற யானையை ஏங்க வெட்டல?"

"பேசி வக்கிறதா? இவரு குடுத்து நான் தண்ணிகூட குடிச்சதில்லைங்க," என்றார் குத்தூசி. "இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் யானையைச் சும்மா கொண்டாந்து வைப்பாரா? உள்ள ஏதோ வேலை இருக்கு. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

"கவனிக்காம வச்சுட்டேங்க," என்று நான் ஒப்புக்கொண்டேன். நடுவர் உடனே நம்பிவிட்டார். டிரா செல்லும் என்று சொல்லிவிட்டார்.

குத்தூசி நம்பவில்லை. வெளியே வந்ததும் என்னை ஓரமாக இழுத்தார்.

"அது என்ன பொறி தம்பி? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா தெரியாம வச்சதுண்ணே."

"சொல்ல மாட்டீங்க. சரி, டீமுக்குப் போறவரு, தொழில் ரகசியம் வெளிய போகக்கூடாது," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெட்டியிருந்தால் அது அவர் வாழ்நாளிலேயே பெரிய வெற்றி. ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர், என் மூளையை நம்பி அதை விட்டுவிட்டார். என் வீட்டில்கூட யாரும் இந்த மூளையை அவ்வளவு நம்பியதில்லை.