சூரியப் புள்ளியும் விதைச் சோளமும்

இனி மனைவி சொல் கேட்டு விதைப்பதில்லை என்று 1980 புரட்டாசியில் நான் முடிவெடுத்தேன். நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியன். நிலமோ குருவிகுளத்துக் கரிசல். மனைவிக்கு அவள் அப்பா கொடுத்தது. ஆகவே முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. தைரியம் இருந்தது. அதைக் கொடுத்தது சூரியன்.

பள்ளித் தொலைநோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, கரும்புள்ளிகளைத் தினமும் எண்ணினேன். சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை அவை பெருகிக் குறையும். 1958இல் பெருகின. 1969இல் பெருகின. இரண்டு வருஷமும் நல்ல மழை என்றது மாமனாரின் டைரி. இதோ, மறுபடி பெருகிவிட்டன. இரண்டு சான்று போதுமா என்று கேட்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். நான் கேட்கவில்லை.

முந்தைய வருஷம் மழை பொய்த்துக் கிணறு வற்றி, காளைகளை விற்றிருந்தோம். மிஞ்சியது மண்குதிரான குலுக்கையில் ஒரு மூட்டை விதைச் சோளம். அது போனால் மண்ணுக்கும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை. மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடலாம் என்றேன்.

“மழை வரலைன்னா எறும்பு தின்னுட்டுப் போயிரும்,” என்றாள் மனைவி கோமதித்தாய்.

“வரும். இன்னைக்கு இருபத்தேழு புள்ளி.”

“எப்படி இம்புட்டு உறுதியாச் சொல்லுதீக?”

“ஏட்டி, இது விஞ்ஞானம்.”

“அப்பம் சரி.”

இரண்டு சூரியச் சுற்றுக்காலத் தாம்பத்தியத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அதை மட்டும் நான் ஆராயவில்லை. மூட்டையை அவளே கட்டிக் கொடுத்தாள். வாத்தியாரே சொல்லும்போது பெறகென்ன என்று பக்கத்துப் புஞ்சை மூக்காண்டியும் தன் விதையைக் கொட்டினான்.

ஐப்பசியில் ஒரு தூறல். அப்புறம் இருபது நாள் வெயில். புள்ளிகள் முப்பத்தொன்று ஆயின. புஞ்சையில் ஒரு முளை இல்லை. மூக்காண்டி வரப்பில் குந்தியிருந்தான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்குப் போவதாக மட்டும் சொன்னான். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

தொலைநோக்கியைப் பள்ளியில் திருப்பி வைத்தேன். கார்த்திகை பிறந்த மறுநாள் மழை கொட்டியது. விதைக்க ஒரு சோள மணி இல்லாதவன் காதில் அந்தச் சத்தம் எப்படி விழும் என்று எழுத எனக்கு வராது. அடுப்படிக்குப் போய், அவள் விதையையும் மூக்காண்டி குடும்பத்தையும் கெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அவள் எழுந்துபோய்க் குலுக்கையின் அடிவாய் அடைப்பைப் பிடுங்கினாள். சோளம் சரசரவென்று கொட்டியது. முழுசு முழுசாக.

“அப்பம் நான் விதைச்சது?”

“கோழிக்கு வச்சிருந்த உளுத்த சோளம்.”

“மூக்காண்டி?”

“அவரு பொண்டாட்டி மாரித்தாய்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். அங்கனயும் விதைச்சது உளுத்ததுதான். அவுக இன்னும் ஊர்லதான் இருக்காக.”

எனக்கு உயிர் வந்தது. கூடவே பழைய புத்தியும் வந்தது. எப்படியோ மழை வந்துவிட்டதே, புள்ளிக் கணக்கு தப்பவில்லையே என்றேன்.

அவள் விதைப்பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

“சூரியன்ல இருபத்தேழு புள்ளி எண்ணுன மனுசன், கையில அள்ளுன சோளத்துல மணிக்கொரு ஓட்டை இருந்ததப் பாக்கலையே.”