ஆஷ் பிஷப்புக்குப் புதுப் பாடகர்

அச்சுக்குப் பிளேட் போட ஒரு வாரம் இருக்கும்போது, நார்வேயில் ஒருவன் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

போனால் போகிறான் என்று முஹ்சினால் இருக்க முடியவில்லை. சிவகாசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைப்பது அவன் வேலை. விஸ்வநத்தத்துக் கம்பெனி ஒன்று புதிதாக ஒரு வெடி கொண்டுவருகிறது. "பெட்டியைப் பாத்தா பயம் வரணும், ஆனா பிள்ளைக அழக் கூடாது" என்று சொல்லி ஆர்டர் கொடுத்திருந்தார்கள். முஹ்சின் அதிகம் யோசிக்கவில்லை. அவன் உயிரை விடும் ஆஷ் பிஷப் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகன், முகத்தில் சாம்பல் பூசி, முடியை விரித்து, வாயைப் பிளந்து நிற்கும் படத்தைப் பெட்டியில் ஏற்றிவிட்டான். சிவகாசிப் பெட்டிகளில் பூனைக்குட்டியும் பயில்வானும், எந்த நாட்டுப் பிள்ளை என்றே தெரியாத பிள்ளைகளும் இருக்கும்போது, ஒரு நார்வேக்காரன் இருந்தால் என்ன?

இன்று காலை இணையத்தைத் திறந்தால், அந்தப் பாடகன் குழுவிலிருந்து விலகிவிட்டான். புதுக் குரல் விரைவில் வரும் என்று குழு ஒரே வரியில் அறிவித்திருந்தது. ஆள் யார் என்று சொல்லவில்லை.

"அப்படியே விட்டுரு மாப்ள. வெடி வாங்குறவனுக்கு இவன் யாருன்னு தெரியவா போகுது?" என்றான் ஸ்ரீராம்குமார். முதலாளியின் மகன், முஹ்சினோடு ஒன்றாய்ப் படித்தவன். அந்த வட்டாரத்தில் ஆஷ் பிஷப் கேட்கும் ஆட்கள் இரண்டே பேர். ஒருவன் இவன், இன்னொருவன் முஹ்சின்.

"எனக்குத் தெரியும்ல. விட்டுட்டு ஓடுனவன் மூஞ்சிய நான் எப்படிப் போட?"

"ஓடுனா என்ன, மேல்சுதியில அவன மாதிரி யாரு நிப்பா? 'சால்ட் கிரவுன்' பாட்டுல கடைசியா ஒரு இழுப்பு இழுப்பான் பாரு."

"அதெல்லாம் ஒரு இழுப்பா? வாசல்கதவுக்கு எண்ணெய் விடாத சத்தம். வரப்போறவன் அடிவயித்துல இருந்து பாடணும். கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கணும்."

"யாரா இருக்கும்?"

அதுதான் கேள்வி. ஆர்குட் இணையதளத்தில் ஆஷ் பிஷப் ரசிகர் குழுவில் இருந்த நாலாயிரம் பேருக்கும் அன்று அதுதான் கேள்வி. ஒருவர் ஸ்வீடன்காரன் என்றார். ஒருவர் பெண் என்றார். இன்னொருவர், டிரம்ஸ் அடிப்பவனே எழுந்து நின்று பாடுவான் என்றார். எல்லோரும் கடைசியில் கேட்டது ஒன்றைத்தான்: சிவகாசி முஹ்சின் என்ன சொல்கிறார்?

ஊரில் முஹ்சினிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வீட்டில் மீன் குழம்புக்கு உப்பு சரியா என்றுகூடக் கேட்டதில்லை. அந்த ரசிகர் குழுவில் மட்டும் அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர் இருந்தது. எந்தப் பாட்டு எந்த வருடம், எதில் கிட்டாரின் கம்பி அறுந்தது என்று ஒருமுறைகூட அவன் தவறாகச் சொன்னதில்லை. குழுவை நடத்தும் சென்னைப் பெண் பிரீத்திகாவே சந்தேகம் வந்தால் அவனிடம்தான் கேட்பாள். அந்தப் பெயரைப் பெற்ற தாயைப் போலக் காப்பாற்றி வந்தான்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது.

"வரட்டும்... வரட்டும்... ஒடிச்சு வரட்டும்..."

லாரி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து அச்சக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் லோடுமேன் உக்கிரபாண்டி. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வளர்த்த முடி, தலைத்துண்டு அவிழ்ந்து இடுப்புவரை பறந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

முஹ்சினும் ஸ்ரீராம்குமாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கிடவா?" என்று முஹ்சின் கேமராவோடு இறங்கினான்.

"எதுக்குத் தம்பி?"

"சும்மா ஒரு ஆசைக்கு."

உக்கிரபாண்டி மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். முஹ்சினுக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. தினமும் காலையில் கம்ப்யூட்டர் அறையை எட்டிப் பார்த்து, "இன்னைக்கும் பாட்டு உண்டா தம்பி?" என்று கேட்பார். "உண்டுண்ணே" என்பான் இவன். அவர் தலையாட்டிவிட்டு, துண்டால் காதோடு சேர்த்து உருமாக் கட்டிக்கொண்டு அடுத்த அறைக்குக் காகிதக்கட்டு அடுக்கப் போவார். அச்சகத்தில் ரசனை உள்ள ஆள் அவர் ஒருவர்தான் என்று முஹ்சின் பலமுறை சொல்லியிருக்கிறான்.

போட்டோஷாப்பில் சாம்பல் பூசி, கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை ஊற்றியதும், உக்கிரபாண்டி நார்வேயிலேயே பிறந்து வளர்ந்தவராகிவிட்டார். அத்தனை அழகாக வந்திருந்ததால் ஸ்ரீராம்குமாரால் சும்மா இருக்க முடியவில்லை. 'புதுப் பாடகர் இவராக இருக்குமோ?' என்று எழுதி, முஹ்சினின் கணக்கிலிருந்தே படத்தைக் குழுவில் போட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் பார்த்தால் கேள்விக்குறியைக் காணவில்லை. படம் பத்து இடங்களுக்குப் போயிருந்தது. தாடையைப் பார்த்தாலே வடக்கு மலைக்காரன் என்று தெரிகிறதாம். போலந்துக் குழு ஒன்றில் முன்பு பாடியவனாம். கச்சேரிக்கே போனதாக ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரீத்திகா கேட்டிருந்தாள்: 'படம் எங்கிருந்து கிடைத்தது?'

உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம். முஹ்சின் எழுத உட்கார்ந்தான். நாலாயிரம் பேர் சிரிப்பது காதில் கேட்டது. 'அச்சகத்து வேலையில் வந்தது. அதற்கு மேல் சொல்ல முடியாது' என்று எழுதினான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

உலகத்தில் பாதியைச் சிவகாசியில்தான் அச்சடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே எல்லோரும் நம்பிவிட்டார்கள். நம்பியவர்கள் அடுத்துக் குரலைக் கேட்டார்கள்.

"குரலும் இருக்குல்ல" என்றான் ஸ்ரீராம்குமார்.

அடுத்த லாரி வந்தபோது ஜன்னலோரம் மைக் வைத்தார்கள். பதிவான உக்கிரபாண்டி குரலுக்குக் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, அடியில் கிட்டார் ஓடவிட்டு, அதையும் குழுவில் போட்டார்கள். கேட்ட முஹ்சினுக்கே மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் அவன் தேடிய கிணற்றுக்குரல் அதுதான். ஜெர்மனியில் ஒரு ரசிகர், பாட்டு பழைய வட ஐரோப்பிய மொழி ஒன்றில் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பொருளும் எழுதினார். கடலைக் கூப்பிடுகிறானாம்.

பிரீத்திகா மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். 'முஹ்சின், அதில் யாரோ வரட்டும் வரட்டும் என்பது மாதிரி எனக்குக் கேட்கிறது. ஆடி வெள்ளிக்குக் குடும்பத்தோடு இருக்கன்குடி வருகிறோம். சாயங்காலம் உங்கள் அச்சகத்துக்கு வந்து அந்தப் படத்தைப் பார்க்கலாமா?'

முஹ்சின் அதை ஸ்ரீராம்குமாரிடம் காட்டினான். "அவ வந்து உக்கிரபாண்டி அண்ணனப் பாத்தா தொலைஞ்சேன். இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது."

"முடி இருந்தாத்தான அடையாளம் தெரியும்?" என்றான் ஸ்ரீராம்குமார்.

இருவரும் லோடு அறைக்குப் போனார்கள்.

"அண்ணே, முடி எப்ப எடுக்கப் போறீக?"

"வேண்டுதல் பலிக்கணும்ல தம்பி. பலிக்காம எடுத்தா சாமிக்குத்தம்."

"எம்புட்டு நாளா வளக்குறீக?"

"நீங்க இங்கன வேலைக்குச் சேந்த வருசத்துல இருந்து வளக்குறேன்."

"என்ன வேண்டுதல்? சொல்லுங்க, நாங்க முடிச்சு வைக்கோம்" என்றான் முஹ்சின்.

உக்கிரபாண்டி அவனை ஒரு மாதிரி பார்த்தார். "வெளிய சொன்னா பலிக்காது தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அன்று முழுவதும் இருவருக்கும் அதே ஆராய்ச்சி. பாடகன் யார் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. மகள் கல்யாணமாக இருக்குமோ என்று விசாரித்தால், பிள்ளை ஆறாவது படிக்கிறது. இடுப்புவலியாக இருக்குமோ என்று ஸ்ரீராம்குமார் தைல பாட்டிலோடு போனான். அவர் அவனையும் சேர்த்து ஒரு காகிதக்கட்டைத் தூக்கிக் காட்டினார். வீட்டில் தண்ணீர்க் கஷ்டமோ என்று கேட்டால், தெருமுனையிலேயே குழாய் இருக்கிறதாம்.

"சரி, வேண்டுதல் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு வாங்கிருவோம்" என்று முஹ்சின் நேராக அண்ணாச்சியிடம் போனான்.

தீபாவளி சீசன். சங்கரலிங்கம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "லோடுமேனுக்கு லீவு வேணும்னு டிசைனர் ஏன்லே கேக்குற?"

"சும்மாதான் அண்ணாச்சி" என்று முஹ்சின் மழுப்பினான். அவன் மழுப்பிய விதம் பிடிக்காமல் அண்ணாச்சி எழுந்து கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். உள்ளே ஆஷ் பிஷப் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பட்டாசுப் பெட்டி. பெட்டிமேல் பச்சைக் கண்ணோடு உக்கிரபாண்டி.

அண்ணாச்சி கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"இது நம்ம பாண்டில்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம ஆளப் பேயாக்கி, விஸ்வநத்தத்துக்காரன் பெட்டியில ஒட்டப் போறீகளோ?" அவர் கத்தவில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் வயரோடு பிடுங்கித் தம் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். இணைய வயரும் கூடவே போனது. "இனி இந்த ரூம்ல அந்தச் சத்தம் கேக்கக் கூடாது. பெட்டியில பூனைக்குட்டியப் போடு."

அன்று புதன்கிழமை. அதற்குப் பிறகு அச்சகத்தில் இயந்திரச் சத்தம் மட்டும்தான் இருந்தது. வியாழக்கிழமை காலையில் உக்கிரபாண்டி வழக்கம்போல எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்குப் பாட்டு இல்லையா தம்பி?"

"இனிமே கிடையாதுண்ணே. அண்ணாச்சி நிப்பாட்டிட்டாக."

உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே போனார். தனக்காக அழ ஒரு ஜீவன் இருக்கிறதே என்று முஹ்சின் உருகிப்போனான். பூனைக்குட்டிக்கு மீசை வரைந்துகொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் கையை நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை உக்கிரபாண்டி வேலைக்கு வரவில்லை. முஹ்சினுக்கு உயிர் வந்தது. பிரீத்திகா வரட்டும், என்ன வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

"பாண்டி அண்ணன் எங்க அண்ணாச்சி?"

"அவனே வந்து லீவு கேட்டான். இருக்கன்குடிக்கு முடி எடுக்கப் போயிருக்கான்."

வந்த உயிர் வந்த வழியே போனது. அந்த நேரம் பிரீத்திகாவும் அங்கேதான் இருப்பாள். சீசன் வேலையைப் போட்டுவிட்டு இருவரும் பைக்கை எடுத்தார்கள். சாத்தூர் தாண்டுவதற்குள் ஸ்ரீராம்குமார் மூன்று முறை, "ஆடி வெள்ளிக் கூட்டம் மாப்ள, அதுல யாரு யாரப் பாக்கப் போறா" என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே நம்பிக்கை குறைந்தது.

முடி எடுக்கும் கொட்டகையில் நிற்க இடமில்லை. மழித்த தலைகளும் சந்தனமுமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் பட்டுப்புடவை கட்டி, மொட்டை போட வேண்டிய அக்காள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள் பிரீத்திகா. அவளுக்கு நேர் முன்னால், கத்திக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார் உக்கிரபாண்டி. ஒரு பக்கம் மழித்தாகிவிட்டது. மறு பக்கம் இன்னும் ஆஷ் பிஷப்பின் புதுப் பாடகர் இருந்தார்.

ஆர்குட் படங்களில் ஒருவர் முகம் மற்றவருக்குப் பழக்கம்தான். பிரீத்திகா முஹ்சினைப் பார்த்தாள். பிறகு உக்கிரபாண்டியைப் பார்த்தாள்.

"இவர்தானே?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. "இவருதாங்க. எங்க அச்சகத்து லோடுமேன். பாட்டு, லாரிய ரிவர்ஸ் எடுக்குறப்ப சொன்னது. தப்பு என்னோடதுதான். குழுவுல நானே எழுதிர்றேன்." சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. கூடவே கனமும் இறங்கியது.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அந்தக் குரல் நிஜமா நல்லா இருந்துச்சு முஹ்சின். இவருக்கு உங்க மியூசிக் பிடிக்குமா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"உயிருங்க. நேத்து பாட்டை நிப்பாட்டிட்டாகன்னு சொன்னதும் அழுதுட்டாரு."

உக்கிரபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார். கத்தி ஓடும்போது தலையை ஆட்ட முடியவில்லை.

"அண்ணே, முடிதான் பாதி எடுத்தாச்சே. இப்பவாச்சும் சொல்லுங்க, என்னதான் வேண்டுதல்?"

"விடுங்க தம்பி."

அப்போதுதான் சந்தனக் கிண்ணத்தோடு அவர் மனைவி சண்முகத்தாய் வந்து சேர்ந்தாள். அச்சகத்துப் பக்கமே வராதவள். முஹ்சின் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் பிரீத்திகாவைப் பார்த்து, பூரித்த முகத்தோடு சொன்னாள்:

"பலிச்ச பிறகு சொன்னா என்ன தாயி? இவுக அச்சாபீஸ்ல ஒரு தம்பி நாள் முச்சூடும் காது கிழிய என்னமோ பாட்டுப் போடுமாம், முதலாளி மகனும் அதுக்குக் கூட்டாம், யாருட்டப் போயிச் சொல்ல, 'ஆத்தா, அந்தச் சத்தம் நின்னா என் முடியத் தாரேன்'னு வருசக்கணக்கா வளத்தாக, இந்தா, புதன்கிழமையோட நின்னுருச்சு."