இடக்கைத் துவக்கு

கனவு காணும் பழக்கமுள்ளவனிடம் திடீரென்று கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் ‘ஓம்’, அதாவது ஆமாம், என்றுதான் பதில் வரும். இப்படி ‘ஓம்’ சொல்லியே நான் இரண்டு ஆயுள் காப்புறுதிகளையும் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் உறுப்புரிமையையும் (சுருதி என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான்) வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் என் மானத்தை மொத்தமாக வாங்கியது, ஒரு துப்பாக்கிக் கடையில் சொன்ன ‘ஓம்’.

நான் பிறந்து வளர்ந்தது சுவிஸில், ஓல்டனில். வேலை டீட்டிகோனில், ஒரு சரக்குக் கிடங்கில். விடியற்காலை ரயில். இலையுதிர் காலத்தில் அந்த ரயிலின் ஜன்னல் வழியே வயல்கள் தெரியாது. பனிமூட்டம் மட்டும் பால் போலப் பரவிக் கிடக்கும். சில நாள் அந்தப் பாலுக்குள் ஒரு மான் கழுத்தளவுக்கு நிற்கும். ரயிலைப் பார்க்கும். ரயில் போய்விடும். கிடங்கில் பெட்டிகளை எண்ணும்போதும் நான் அந்தப் பனிக்குள்தான் நின்றுகொண்டிருப்பேன்.

வேட்டைக்காரனாவது என்று நான் முடிவெடுத்தது இதனால்தான். உண்மையைச் சொன்னால் மானைச் சுடும் ஆசை பெரிதாக இல்லை. அந்தப் பனிக்குள் போய்ச் சும்மா உட்கார எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வேட்டைக்காரன் என்றால் ஏன் இங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

“கோழி வெட்டினா அடுத்த அறைக்குப் போற ஆள் நீங்கள்,” என்றாள் என் மனைவி தர்ஷினி. “மானைச் சுடப் போறியளோ?”

“நரியும் இருக்கு,” என்றேன், என்னவோ அது பெரிய சமாதானம் போல.

வேட்டை அனுமதிக்காக இரண்டு வருடம் படித்தேன். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் பழகினேன். பரீட்சையில், என்னைவிடப் பரீட்சகர்களே வியக்கும்படி, தேறினேன். மிச்சமிருந்தது துப்பாக்கி (வீட்டில் நாங்கள் துவக்கு என்போம்). நரிக்கும் மானுக்கும் ஒன்றே போதும் என்பது என் கணக்கு. ஆனால் பெரிய குண்டு நரியின் தோலைக் கிழித்துவிடும். மிகச் சிறியது மானை நோகடித்துக் காட்டுக்குள் துரத்திவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும், அதுவும் எங்கள் கைக்கு எட்டும் விலையில். புதியவற்றின் விலையைப் பார்த்த தர்ஷினி, “பழசா வாங்குங்கோ. நானும் வாறன்,” என்றாள். (தனியாக அனுப்பினால் பீரங்கியோடு திரும்பி வருவேன் என்று பயம்.)

பாடன் நகரில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. நடத்தியவர் றெகினா என்ற அறுபது வயதுப் பெண்மணி. நரியும் மானும் என்றதும் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து பச்சைத் துணியின் மேல் கிடத்தினார்.

வால்நட் மரத்துப் பிடி. அதன் வரிகளைப் பார்த்தேன். விடிகாலையில் ஆரே ஆற்றின் மேல் பனி எழும்புமே, அதே வளைவுகள், அதே மெதுவான சுழிப்பு. நான் அந்த மரத்துக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினேன். கரையோரம் ஈரப் புல். தூரத்தில் ஒரு மான். றெகினா ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் போலக் கேட்டது. பிறகு தண்ணீர் நின்றது. நிமிர்ந்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“யோ, யோ,” என்றேன். (எங்கள் ‘ஓம்’ சுவிஸ் ஜெர்மனில் இப்படித்தான் ஒலிக்கும்.)

அவர் முகம் மலர்ந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். “கடைசியில் வந்துவிட்டாயே! மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன்!”

தர்ஷினி என் விலாவில் இடித்தாள். “என்னப்பா, உங்களுக்கு எப்ப தொடக்கம் இடக்கை?”

“என்ன?”

“நீங்கள் இடக்கைப் பழக்கமோ எண்டு அவ கேட்டவ. நீங்கள் ஓம் எண்டுட்டியள்.”

அப்போதுதான் பார்த்தேன். குண்டை ஏற்றுவதற்காகப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் போல்ட் கைப்பிடி, எல்லாத் துப்பாக்கிகளிலும் வலப்பக்கம் இருக்குமே, இதில் இடப்பக்கம் இருந்தது.

திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் றெகினா சொல்லத் தொடங்கிவிட்டார். அது இறந்துபோன அவருடைய தம்பியின் துப்பாக்கியாம். இடக்கைக்காரன். பள்ளியில் அந்தக் கைக்காக அடி வாங்கியவன். தன்னைப் போல ஒருவனுக்கே இதைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனானாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் வாயை மூடிக்கொண்டேன். விலை பாதிதான் என்றார். மூடிய வாய் இன்னும் இறுகியது. (கண்ணீர் பாதி, விலை பாதி. முழுப் பழியையும் கண்ணீர் மேல் போட மாட்டேன்.)

“உண்மையைச் சொல்லுங்கோ,” என்றாள் தர்ஷினி, கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே.

“பேசாம இரும்,” என்றேன், நானும் சிரித்தபடியே.

அடுத்தது ஒப்பந்தத்தில் கையெழுத்து. பேனாவை இடக்கையில் எடுத்தேன். எனக்குச் சிவபாலசுந்தரம் என்று பெயர் வைத்த என் அப்பாவை அன்றைக்கு நினைத்ததுபோல் என்றைக்கும் நினைத்ததில்லை. ‘சிவ’ வரை ஒருமாதிரிப் போனேன். ‘பால’வில் வியர்த்தது. ‘சுந்தரம்’, மைக்குள் விழுந்து எழும்பிய கரப்பான்பூச்சி உயிர் தப்பி ஓடிய தடம் போல இருந்தது. றெகினா அதைக் கனிவோடு பார்த்து, “உன்னையும் பள்ளியில் அடித்தார்களா?” என்று கேட்டார்.

பிறகு கோப்பி தந்தார். இடக்கையால் குடித்தேன், பாதி சட்டைக்குப் போனது. பணத்தை இடக்கையால் நீட்டினேன்.

“காசை இடக்கையால குடுக்கிறியளே! மனிசி என்ன நினைப்பா?”

“சந்தோஷப்படுறா. பாரும்.”

உண்மையிலேயே அவர் பூரித்துப்போய் நின்றார். அந்தப் பூரிப்பில்தான் அடுத்த அடி விழுந்தது. தான் உறுப்பினராக இருக்கும் வேட்டைக் குழுவுக்கு என்னை விருந்தாளியாக அழைத்தார். முதல் நாள் பரணில் தானே என் பக்கத்தில் இருப்பாராம்.

ஐப்பசியில் ஒரு விடிகாலை. காட்டோரத்தில் ஏணி வைத்த மரப் பரண். நாங்கள் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். துப்பாக்கி என் மடியில். அதற்கு முந்தைய வாரங்களில் சுடுதளத்துக்குத் தனியாகப் போய், இடது தோளில் வைத்துச் சுட்டுப் பழகியிருந்தேன்; ஒருமாதிரிச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. கீழே பனி, நான் ரயிலிலிருந்து பார்த்த அதே பனி, இப்போது என் காலடியில் மெல்ல மூச்சுவிட்டது. எங்கோ ஒரு மாட்டு மணி. இரண்டு வருடப் படிப்புக்கும் இந்த ஒரு மணிநேரமே போதும் என்று தோன்றியது. என் கண் தானாகவே பாதி மூடியது.

“அதோ,” என்று கிசுகிசுத்தார் றெகினா.

பாலுக்குள்ளிருந்து ஒரு மான் வந்து நின்றது. காதின் ஓரத்தில் ஒளி. இவ்வளவு அருகில் நான் எதையும் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

கனவிலிருந்து எழும்பியவனின் கை, பழகிய பக்கம்தான் போகும். துப்பாக்கி என் வலது தோளுக்குப் போனது. மிருகம் தெரிந்த பிறகே குண்டை ஏற்ற வேண்டும் என்பது புதியவர்களுக்கு அந்தக் குழுவின் விதி. ஆகவே என் வலக்கை போல்டைத் தேடியது. அங்கே போல்ட் இல்லை. வழுவழுப்பான இரும்புதான் இருந்தது. பூனையைத் தடவுவதுபோலத் தடவினேன். மேலே தடவினேன். கீழே தடவினேன். பிறகு ஞாபகம் வந்து, கையை மேலால் கொண்டுபோய் மறுபக்கம் இழுக்கப் பார்த்தேன். முழங்கை றெகினாவின் தொப்பியைத் தட்டியது. தொப்பி தேநீர்க் குடுவையைத் தட்டியது. குடுவை ஏணியின் ஒவ்வொரு படியிலும் டங், டங், டங் என்று நின்று நிதானமாக இறங்கியது.

மான் அதை முழுவதும் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் பனிக்குள் நடந்து போனது.

றெகினா என் தோளைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

“எந்தக் கை?” என்றார்.

வகுப்பில் பிடிபட்டவன் போல வலக்கையை உயர்த்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் வந்து பனி கலையும்வரை அவர் மான் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போன ஒருவரின் கடைசி ஆசையை நான் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறேன்.

“திருப்பித் தந்துவிடுகிறேன்,” என்றேன்.

“மறுபடியும் காத்திருக்க எனக்கு அலுப்பு. துப்பாக்கி உன்னிடமே இருக்கட்டும், நீ கையை மாற்று.” பிறகு கேட்டார், “உன் மனைவி பக்கத்தில்தானே இருந்தாள்? உண்மையைச் சொல்லச் சொல்லவில்லையா?”

“சொன்னாள். தமிழில்.”

அதற்குத்தான் அவர் சிரித்தார். பரண் ஆடும்வரை சிரித்தார்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் வரவேற்பறையில் தும்புத்தடியை இடது தோளில் வைத்து நின்றேன். “சுடுறதெண்டால் சுடுங்கோ, இல்லையெண்டால் கூட்டுங்கோ,” என்பாள் தர்ஷினி. அடுத்த ஆண்டு ஒரு நரி கிடைத்தது. அதற்கடுத்த ஆண்டு ஒரு மான். கறி சாப்பிட வந்த றெகினாவின் கண்கள் கலங்கின. இம்முறை காரணம் மிளகாய்த்தூள்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு மகிழினி பிறந்தாள். பாலர் பள்ளிக்குப் போன முதல் மாதமே ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, உங்கள் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள் என்றார். என் அம்மா தொலைபேசியில், “உன்ர பொய்தான்ரா பிள்ளையின்ர கையில இறங்கியிருக்கு,” என்றார். சொந்தக்காரர் யார் வீட்டுக்கு வந்தாலும் தர்ஷினி தேத்தண்ணி கொடுக்குமுன் இந்தக் கதையைக் கொடுத்துவிடுகிறாள். மகிழினி நடுவில் புகுந்து குடுவை விழும் சத்தத்தைப் போட்டுக் காட்டுகிறாள்.

செய்தி றெகினாவுக்கும் போனது. ஒரு வாரத்தில் தபாலில் ஒரு சின்னப் பொதி வந்தது. இடக்கைக் குழந்தைகளுக்கென்றே செய்த கத்தரிக்கோல். கூடவே ஒரு துண்டுச்சீட்டு, என் பெயருக்கு:

‘உனக்கில்லை. தொடாதே.’