கவ்வாத்து அண்ணன் போட்ட குளியலறைத் தரை

கெட்டுப்போகாத பொருளையும் ரிப்பேர் செய்து கெடுக்கத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கவ்வாத்து அண்ணன். மலேசியாவின் கேமரன் மலைச்சரிவில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அதாவது, வளர்ந்த செடியின் தலையைத் தட்டி மட்டமாக்குகிறவர். வீட்டு வேலைக்குக் கூலி ஆள் கூப்பிடுவது அவருக்கு மானப் பிரச்சினை. "ரெண்டு கை எதுக்கு இருக்கு, சோறு திங்க மட்டுமா?" என்பார்.

அந்த இரண்டு கைகளால் நான் பட்ட பாடு! எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கூரைத் தகரத்தை மாற்றினார். அவர் வீட்டு ஒழுகல் என் கட்டிலுக்கு வந்தது. வாசலில் மணி வைத்தார். அதை அழுத்தினால் என் டிவி அணைந்தது. சண்டைக்குப் போனால், "டிவி பார்த்தா கண்ணு கெட்டுரும் தம்பி" என்கிறார்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வருடம் அவர் மனைவி லெட்சுமி அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஈப்போ நகரத்தில் மகள் வீட்டில் படுத்திருந்தார். குளியலறைத் தரை மட்டமாக, வழுக்காமல் இருந்தால்தான் வீட்டுக்குப் போகலாம், இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் அக்கா வரவேண்டும். எஸ்டேட் வீடு என்பதால் தரையை மாற்ற மேனேஜர் துரையும் அனுமதி கொடுத்து, "பிரிஞ்சாங் டவுன்ல நல்ல டைல்ஸ்காரர் இருக்காரு" என்று சொல்லிப் பார்த்தார்.

"என் பொஞ்சாதி நடக்கப்போற தரை. கண்டவன்கிட்ட விடுவேனா?" என்று அண்ணன் சிமெண்டு மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டார்.

பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பளபளவென்று இருந்தது. அங்கிருந்த ஈர சோப்பை எடுத்துத் தரையில் வைத்தேன். அது பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது.

"அண்ணே, தரை சாயுதுண்ணே!"

"உன் கண்ணுதான் சாயுது லா. முப்பது வருசம் மட்டம் பார்த்தவன்டா நான்!"

அங்கேதான் கோளாறு. தேயிலையில் மட்டம் என்றால் மலை எப்படிச் சரிகிறதோ அதே சரிவில் வெட்டுவது. மனிதர் குளியலறையையும் மலைக்கு மட்டமாகப் போட்டுவிட்டார்!

நான் அவரைக் கேட்காமலேயே பிரிஞ்சாங் டைல்ஸ்காரர் மோகனுக்குப் போன் போட்டேன். மோகன் வந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடியது.

"தண்ணி போறதுக்குக் கொஞ்சம் சரிவு வேணும்ணே. ஆளே போற அளவுக்கு வேணாம் லா."

"உங்க குமிழி கெட்டுப்போச்சு" என்றார் அண்ணன்.

மோகன் உள்ளே போய், அக்காவுக்காக வாங்கி வைத்திருந்த சக்கர வாக்கரைக் கொண்டுவந்து கதவோரம் நிறுத்திக் கையை எடுத்தார். அது மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, எதிர்ச்சுவரில் மடாரென்று மோதிக் கவிழ்ந்தது.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கவிழ்ந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்ச் சுத்தியலை எடுத்து வந்து மோகனிடம் சொன்னார்.

"நீங்களே போடுங்க தம்பி. உடைக்கிறத மட்டும் நான் செஞ்சு தர்றேன்."

பத்து நாள் வேலையை அரை நாளில் உடைத்து அள்ளினார். அவர் கைபட்டு ஒரு வேலை ஒழுங்காக முடிந்தது அதுதான் முதல் தடவை.

மோகன் போட்ட தரை இறுகி, சுவரில் கைப்பிடிக் கம்பியும் பொருத்தியதும் அக்கா வந்தார். துணைக்கு யாரும் வேண்டாம் என்று தனியாகவே குளிக்கப் போனார். அண்ணன் கதவோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"லெட்சுமி, வழுக்குதா?"

"இல்லீங்க."

"கம்பியைப் புடிச்சுக்க."

"புடிச்சிருக்கேன்."

"கால் வலிக்குதா?"

"ஐயோ, மனுசியக் குளிக்க விடுங்களேன்!"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் போட்டிருக்கான் அந்தப் பய" என்றார். கண் கலங்கியிருந்தது. அத்தனை வருடம் அவரைத் திட்டித் தீர்த்த எனக்கு, அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.